நொபிலியை எல்லாருக்கும் தெரியும். ரோஸ் ஆண்டகையை மதுரையில் யாருக்காவது தெரியுமா?

வைகைக்கரை

தத்துவ போதகர் என்றதும் மதுரைக் கத்தோலிக்கர் மனதில் ஒரு படம் வந்துவிடும். காவி உடுப்பு, குடுமி, கையில் கமண்டலம், காலில் பாதக்குறடு. 1606 நவம்பரில் இந்த ஊருக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியைப் பற்றி மறைக்கல்விப் பிள்ளைகளே நாலு வரி சொல்வார்கள். ஆனால் அவருக்கு அனுமதி கொடுத்தது யார், அவர் மேல் புகார் குவிந்தபோது கோவா வரைக்கும் போய் அவருக்காக வாதாடிய மேற்றிராணியார் யார் என்று கேட்டால் பெரியவர்களே முழிக்கிறார்கள்.

அவர் பெயர் பிரான்சிஸ்கோ ரோஸ். ஸ்பெயினின் கத்தலோனியாவில் ஜிரோனா ஊர்க்காரர், சேசு சபைக் குரு. 1584ல் இந்தியா வந்தார். கேரளத்துப் பழைய கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழியான சுரியானியில் கரைகண்டவர், மலையாளத்தில் எழுதவே செய்தவர். கொடுங்கல்லூருக்குப் பக்கத்தில் சேந்தமங்கலத்தில் இருந்த வைப்பிக்கோட்டைக் குருமடத்தில் மார்தோமா கிறிஸ்தவப் பையன்களுக்கு, அதாவது தோமா அப்போஸ்தலர் வழி வந்ததாகச் சொல்லும் அந்தச் சமூகத்துப் பையன்களுக்குச் சுரியானி சொல்லிக்கொடுத்தார். 1599ல் அங்கமாலிக்கு ஆயராக நியமனம். 1601 ஜனவரியில் கோவாவில் அபிஷேகம். பிறகு இருக்கை கொடுங்கல்லூருக்கு மாறியது, பேராயர் ஆனார். 1624 பிப்ரவரியில் கண்மூடினார்.

நொபிலி மதுரையில் வேலையைத் தொடங்கிய நாள் முதல் மேலே இருந்த ஆயர் இவர்தான். காவி உடுத்தலாமா, அசைவத்தை விடலாமா, தன்னைப் பரங்கிகளிடமிருந்து பிரித்துக் காட்டலாமா என்று நொபிலி கேட்டபோது சரி என்று சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் சபையின் மாநிலத் தலைவர் ஆல்பெர்டோ லார்சியோ. இன்னொருவர் ரோஸ் ஆண்டகை. அப்போது நொபிலிக்கு வயது 29. அந்த வயதுச் சாமியார் ஒருவர் தன் இஷ்டத்துக்கு இவ்வளவு பெரிய காரியத்தில் இறங்கிவிட முடியாது.

நம் ஆயர்களின் வரிசையைச் சொல்லும்போது 1938ல் மதுரை மறைமாவட்டம் உண்டானதிலிருந்து, ஜான் பீட்டர் லியோனார்ட் ஆண்டகையிலிருந்து எண்ணுகிறோம். சட்டப்படி அது சரி. ஆனால் இந்த ஊரின் கத்தோலிக்க வாழ்வுக்கு அடித்தளம் போடப்பட்டபோது பொறுப்பில் இருந்த ஆயரின் பெயர் ஒரு கல்வெட்டில்கூட என் கண்ணில் பட்டதில்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. நொபிலியின் துணிச்சலில் பாதி ரோஸுடையது என்பேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

புதூர் பையன்

அண்ணே, கொடுங்கல்லூர் எங்கே, மதுரை எங்கே? நடுவில் மலை வேறு. தூத்துக்குடி, மணப்பாடு பக்கமெல்லாம் அப்போது கொச்சி ஆயரின் கீழ் என்று படித்த நினைவு. மதுரை மட்டும் எப்படிக் கொடுங்கல்லூருக்குப் போனது?

பழைய ஏடு

தம்பி கேட்டது நல்ல கேள்வி. இதில்தான் கதையின் முடிச்சே இருக்கிறது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் ஆயர்களை முன்மொழியும் உரிமை போர்த்துக்கல் அரசரிடம் இருந்தது. பதுரவாதோ என்று பழைய பங்குப் பதிவேடுகளில் பார்த்திருப்பீர்கள். அரசர் பெயரைச் சொல்வார், ரோம் நியமிக்கும். கோவா தலைமைப் பேராயம். அதன் கீழ் கொச்சி, பிறகு 1606ல் மயிலாப்பூர். இவை லத்தீன் மறைமாவட்டங்கள். அங்கமாலி தனி வழி. அது மார்தோமா கிறிஸ்தவர்களின் பழைய இருக்கை, பாபிலோனியாவிலிருந்து ஆயர்கள் வந்துகொண்டிருந்த இடம். அந்த வரிசையில் கடைசியாக இருந்த மார் ஆபிரகாம் 1597ல் இறந்ததும் முதல் லத்தீன் ஆயராக ரோஸ் உட்கார்ந்தார்.

முத்துக்குளித்துறை கொச்சியின் கையில்தான் இருந்தது. கொச்சி ஆயர் அந்திரேயாஸ் தெ சாந்தா மரியா பிரான்சிஸ்கன் சபைக்காரர். அவருக்கும் சேசு சபைக்கும் கடும் பகை. எல்லை யாருக்கு, கோயில் யாருக்கு என்று வருடக் கணக்கில் வழக்கு. கடற்கரைப் பரதவர் ஊர்களை விட்டே சேசு சபையார் சில காலம் வெளியேற்றப்பட்டார்கள். எல்லை வகுத்தபோது மதுரை நாயக்கர் நாடு கொடுங்கல்லூர்ப் பக்கம் வந்தது. கடற்கரையிலிருந்து சில நாள் நடைதூரத்தில் இருந்த மதுரை, கொச்சிக்குள் போயிருந்தால் நொபிலி முதல் புகாரிலேயே திருப்பி அழைக்கப்பட்டிருப்பார் என்பது என் கணிப்பு. அவருக்கு வாய்த்த ஆயரும் சேசு சபைக்காரராக, இந்திய மொழி தெரிந்தவராக, கீழைத்தேயச் சடங்குகளை ஏட்டைப் புரட்டிப் படித்தவராக இருந்தார்.

தெற்குமாசி வீதி

நான் கிறிஸ்தவன் இல்லை. நாயக்கர் கால மதுரை என்றால் எந்த இழையாக இருந்தாலும் உட்கார்ந்துவிடுவேன். முத்து கிருஷ்ணப்பர் காலத்தின் கடைசியில் நொபிலி வருகிறார், முத்து வீரப்பர் காலம் முழுக்க இங்கே இருக்கிறார். அதற்கு முன்னாலேயே, 1595 முதல், கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பழைய போர்வீரர் ஒருவர் சாமியாராகி இங்கே தங்கியிருந்தார். வியாபாரத்துக்கு வந்து போகும் பரதவர்களுக்குப் பூசை வைத்தார், பள்ளிக்கூடமும் மருந்து கொடுக்கும் இடமும் நடத்தினார். ஊரார் அவரை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் அவர் மார்க்கத்துக்கு யாரும் வரவில்லை. மாட்டிறைச்சியும் மதுவும் தோல் செருப்புமாக இருந்த பரங்கி வழி அது என்று ஒதுங்கிவிட்டார்கள்.

என் கேள்வி இதுதான். புகார் என்று சொல்கிறீர்களே, அதில் என்னதான் இருந்தது? உடுப்பு மட்டும் என்றால் கோவா வரை ஏன் போக வேண்டும்?

வைகைக்கரை

சார், உடுப்பு பெரிய சங்கதியே இல்லை. ஞானஸ்நானம் பெற்ற பிராமணர் ஒருவர் பூணூலைக் கழற்ற வேண்டுமா, கூடாதா? வழக்கின் உயிர்நிலை அதுதான். கூடவே குடுமி, நெற்றியில் சந்தனம், காலைக் குளியல்.

நொபிலிக்கு வடமொழி கற்பித்த சிவதர்மர் 1609ல் ஞானஸ்நானம் பெற்றார். பூணூல் தோளில் இருந்தது. பெர்னாண்டஸ் 1610ல் மேலிடத்துக்கு எழுதினார்: இவர் சிலை வணக்கத்தின் அடையாளத்தைக் கிறிஸ்தவர்களுக்கு அணிவிக்கிறார், எங்கள் கோயிலுக்கு வருவதில்லை, தன்னைப் பரங்கியில்லை என்கிறார். பெர்னாண்டஸைக் கெட்டவராகக் காட்டுவது நியாயமில்லை. பத்துப் பதினைந்து வருடம் இந்த வெயிலில் உழைத்தவர், புதிதாக வந்த சின்னப் பையன் தன்னோடு சேர்ந்து சாப்பிடக்கூட மாட்டேன் என்றால் மனம் புண்படாதா?

ரோஸ் அதை இறையியல் கேள்வியாக எடுத்துக்கொண்டார். பூணூல் ஒரு தெய்வத்தை வணங்கும் செயலா, அல்லது இன்ன குலம், இன்ன கல்வி என்று காட்டும் அடையாளமா? முதலாவது என்றால் கிறிஸ்தவனுக்கு ஆகாது. இரண்டாவது என்றால் மந்திரத்தை மாற்றி, கருத்தை மாற்றி வைத்துக்கொள்ளலாம். நொபிலி வடமொழி நூல்களிலிருந்து மேற்கோள் எடுத்து, பிராமணர்களிடம் சாட்சி வாங்கி, 1613ல் லத்தீனில் நீண்ட விளக்கம் எழுதினார். அதே காலத்தில் சபைக்குள் மாநிலத் தலைவர் மாறி, புதிதாக ஞானஸ்நானம் கொடுக்கவே அவருக்குச் சில காலம் தடை விழுந்தது. நொபிலியின் உறவினரான கர்தினால் பெல்லார்மின்கூட முதலில் வருத்தப்பட்டுக் கண்டித்து எழுதினார், விளக்கம் கிடைத்த பிறகுதான் மனம் மாறினார். ரோஸ் மாறவில்லை. ரோமுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார்.

1619 பிப்ரவரியில் கோவாவில் கூட்டம். தலைமை கோவா பேராயர் கிறிஸ்தொவாவோ த சா. அவர் முன்கூட்டியே எதிரி. சுற்றி இறையியலாளர்கள், துறவற சபைத் தலைவர்கள், திருவிசாரணை மன்றத்தார். பெரும்பான்மை நொபிலிக்கு எதிராகப் போனது. ரோஸ் அந்தச் சபையில் எழுந்து நொபிலியின் பக்கம் பேசினார். அவரோடு உறுதியாக நின்றவர் இரண்டாம் விசாரணையாளர் அல்மெய்தா. தன் சக பேராயரின் ஊரில், அவர் தலைமையில் நடந்த கூட்டத்தில், போர்த்துக்கீசிய ஆட்சி முழுதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, எதிர்ப்பக்கம் பேசுவது லேசான காரியம் இல்லை.

கடைசியில் 1623 ஜனவரி 31ல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் பூணூல், குடுமி, சந்தனம், குளியல் நான்கையும் நிபந்தனைகளோடு அனுமதித்தார். அதற்கு அடுத்த வருடம் ரோஸ் இறந்தார்.

கம்பம் மேட்டுக்காரன்

இதைப் படிக்கும்போது என் ரத்தம் கொதிக்கிறது, மன்னிக்கணும். எனக்குக் கம்பம். அம்மா வீடு கேரளத்துப் பாலா. சுரியானி மரபில் வந்த சீரோ மலபார் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் அம்மாச்சி வாயில் ரோஸ் என்ற பெயர் வேறு மாதிரி வரும்.

1599 ஜூன் 20 முதல் 26 வரை உதயம்பேரூரில் கோவா பேராயர் மெனேசிஸ் ஒரு சங்கம் கூட்டினார். அதில் எங்கள் முன்னோர்களின் சுரியானி ஏடுகளைக் கொண்டுவரச் சொல்லி, திருத்தச் சொல்லி, இன்னின்ன நூலைத் தீயிலிடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். எந்தெந்த ஏட்டில் என்ன 'தப்பறை' (தவறான போதனை) இருக்கிறது என்று பட்டியல் போட்டுக் கொடுக்கத் தெரிந்தவர் யார்? சுரியானி படித்த ரோஸ். இந்தியாவில் நெஸ்தோரியர்களின் தவறுகள் என்று அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னாலேயே லத்தீனில் எழுதி வைத்திருந்தவர் அவர்தான். குருமடத்தில் எங்கள் பையன்களிடமிருந்து எங்கள் ஏட்டை வாங்கிப் படித்து, அதை வைத்தே எங்கள் மேல் குற்றம் எழுதினார்.

அப்புறம் ஆயராக வந்து உட்கார்ந்தார். அங்கமாலியை விட்டுவிட்டு 1605ல் போர்த்துக்கீசியக் கோட்டை இருந்த கொடுங்கல்லூருக்குப் போய்விட்டார். எங்கள் சமூகத்தின் தலைவராக இருந்த அர்க்கதியாக்கோன் கீவர்கீசோடு ஓயாத சண்டை. சபை விலக்கம் வரை போனது. பின்னால் சமாதானம் ஆனது என்றாலும் புண் ஆறவில்லை. 1653 ஜனவரி 3ல் மட்டாஞ்சேரியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு 'இனி இவர்களுக்குக் கீழ்ப்படிய மாட்டோம்' என்று சத்தியம் செய்தார்களே, அந்த நெருப்புக்கு விறகு அடுக்கியவர்களில் ரோஸும் ஒருவர்.

மதுரைப் பிராமணரின் பூணூலுக்கு இவ்வளவு கரிசனம் காட்டியவர், ஆயிரம் வருடத்துக்கு மேல் கிறிஸ்தவர்களாக இருந்த எங்கள் ஏட்டுக்கு ஏன் காட்டவில்லை? இதற்குப் பதில் சொல்லாமல் கல்வெட்டு வைப்பதைப் பற்றிப் பேசக் கூடாது.

சாந்தி டீச்சர்

கம்பத்துத் தம்பியின் கோபம் நியாயமானது. முப்பது வருடம் வரலாறு நடத்தியவள் என்ற முறையில் சில விவரங்களைச் சேர்க்கிறேன்.

உதயம்பேரூர் மெனேசிஸின் சங்கம். ரோஸ் அதில் உதவியாளர், மொழிபெயர்ப்பாளர். ஆனால் அதே ரோஸ் ஆயரான பிறகு, அங்கே கையெழுத்துப் போட்டவர்களுக்கு அந்தத் தீர்மானங்கள் விளங்கவே இல்லை என்று தன் சபைத் தலைமைக்கு எழுதினார். அந்தச் சங்கத்தை அப்படியே பிடித்துக்கொள்ளாமல் 1603ல் தானே ஒரு சங்கம் கூட்டினார். 1606ல் தன் மக்களுக்காக மலையாளத்தில் ஒழுங்குமுறைகள் எழுதினார். அந்தக் கையெழுத்துப்படி வத்திக்கானில் இருக்கிறது. அக்காலத்து மலையாள உரைநடையை ஆராய்கிறவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். லத்தீன் பூசையை அப்படியே திணிக்காமல் சுரியானிப் பூசையைத் திருத்தி வைத்துக்கொண்டார். அங்கமாலியின் பேராயர் நிலையைப் பறித்துக் கோவாவுக்குக் கீழ் போட்டபோது அதைத் திரும்பக் கேட்டு எழுதியவர்களில் அவரும் உண்டு. 1608ல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் திருப்பிக் கொடுத்தார்.

இதெல்லாம் அவரை நல்லவராக்கச் சொல்லவில்லை. இரண்டு ஊரிலும் அவர் கையில் இருந்த அளவுகோல் ஒன்றுதான் என்று காட்டத்தான். அவருக்கு உலகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒன்று விசுவாசம், இன்னொன்று வழக்கம். விசுவாசத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். வழக்கத்தில் எவ்வளவும் விட்டுக்கொடுப்பார். மலையாள நாட்டில் அவர் கண்ணில் பட்டது பூசை செபத்தில் ரோம் தப்பறை என்று தள்ளிய நெஸ்தோரியுஸ், தெயோதோர் பெயர்கள். மாதாவை இறைவனின் தாய் என்று சொல்லலாமா என்ற பழைய சண்டை. அவை அவருக்கு விசுவாசம். மதுரையில் பட்டது குடுமியும் சந்தனமும். அவை வழக்கம். மாதாவை இறைவனின் தாய் என்று ஏற்ற எபேசு சங்கத்தைக் கரைத்துக் குடித்த ஐரோப்பிய இறையியலாளர் ஒருவருக்கு இதில் முரணே தெரிந்திருக்காது.

கம்பம் மேட்டுக்காரன்

டீச்சர், விளக்கம் தெளிவாக இருக்கிறது, நன்றி. ஆனால் எது விசுவாசம், எது வழக்கம் என்று கோடு போடுவது யார்? அங்கேயும் அவரே, இங்கேயும் அவரே. எங்களுக்கு அர்க்கதியாக்கோன் இருந்தார், பள்ளியோகம் என்ற கோயில் சபைக் கூட்டம் இருந்தது, ஊர்ப் பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் கேட்டுக் கோடு போட்டிருக்கலாம். கேட்கவில்லை. மதுரையில் அவரைத் தடுக்க ஒரு பழைய திருச்சபை இல்லை. இங்கே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது, அதனால் தாராளம். அங்கே ஏற்கெனவே கட்டியிருந்ததைத் தன் கைக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது, அதனால் கண்டிப்பு. என் வரைக்கும் இறையியலை விட இதுதான் பெரிய காரணம்.

இன்னொன்றும் உண்டு. மதுரையில் நாயக்கர் ஆட்சி. போர்த்துக்கீசியப் படை உள்ளே வர முடியாது. கொடுங்கல்லூரில் கோட்டையும் பீரங்கியும் பக்கத்தில். பலம் இருந்த இடத்தில் கட்டளை, பலம் இல்லாத இடத்தில் பொறுமை.

தெற்குமாசி வீதி

கம்பத்துக்காரர் கடைசியாகச் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். மதுரையில் யாரும் வாளைக் காட்டி மதம் மாற்ற முடியாத நிலை. அதனால் நொபிலி வாதத்தில் ஜெயிக்க வேண்டியிருந்தது. தமிழ் படித்தார், வடமொழி படித்தார், திண்ணையில் உட்கார்ந்து பண்டிதர்களோடு நாள்கணக்கில் தர்க்கம் செய்தார். தமிழ் உரைநடைக்கு அதனால் லாபம். தத்துவ விஷயங்களைத் தமிழ் வசனத்தில் இவ்வளவு விரிவாக எழுதியவர்கள் அதற்கு முன் குறைவு.

ஆனால் ரோஸின் மலையாள ஒழுங்குமுறைகளைப் பற்றி டீச்சர் சொன்னதையும் சேர்த்துப் பார்க்கிறேன். அதிகாரம் கையில் இருந்த இடத்திலும் மக்கள் மொழியில் எழுத வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது.

ஓரியூர் பாதை

எல்லாரும் படித்தவர்கள் பேசுகிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். பூணூலுக்கு அனுமதி வாங்கிக் கொடுத்த ஆயரைப் புகழ்கிறீர்கள். அந்த அனுமதியால் எங்கள் சனத்துக்கு என்ன கிடைத்தது?

நொபிலியின் கோயில் தனி, பெர்னாண்டஸின் கோயில் தனி. ஒரே ஊர், ஒரே சபை, ஒரே விசுவாசம், ஆனால் இரண்டு கோயில். உயர்சாதிக்காரர் பரதவரோடு சேர்ந்து முழங்காலிட வேண்டியதில்லை. இதற்குப் பெயர் வழக்கமாம், விசுவாசத்தில் சேராதாம். இந்தக் கோட்டைத்தான் டீச்சர் அக்கா அளவுகோல் என்கிறார்கள். அந்தக் கோடு எங்கள் முதுகில் போட்ட கோடு.

எங்கள் ஊர்க் கோயிலில் என் தாத்தா காலத்தில் நற்கருணைக்கு வரிசை இரண்டு. முதலில் அவர்கள், பிறகு நாங்கள். கல்லறையில் நடுவே சுவர். வடக்கன்குளத்தில் இரண்டு காலாகப் பிரிந்த கோயிலைக் கட்டி, இரண்டும் சேரும் இடத்தில் பீடத்தை வைத்தார்கள். 1910ல்தான் உள்ளே இருந்த தடுப்புச் சுவர் இடிந்தது. சாதி சமூக வழக்கம்தானே, பாவம் இல்லையே என்று அன்றைக்கு எழுதியவர்கள் இதற்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டார்கள். ரோஸ் ஆண்டகை எவ்வளவு பெரிய இறையியலாளராக இருந்தாலும், தீண்டாமை வழக்கமா பாவமா என்ற கேள்வியைக் கேட்கவில்லை. மாதாவின் பட்டத்துக்கு ஏட்டைத் திருத்தத் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை.

வைகைக்கரை

ஐயா, உங்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு என்னிடம் இல்லை. வரலாற்றில் இருப்பதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

1623 ஆவணத்தின் முடிவில் ஒரு பகுதி உண்டு. குலப்பெருமை உள்ளவர்கள் தாழ்ந்த நிலையில் உள்ளவர்களை இகழக் கூடாது, முக்கியமாகக் கோயிலில் இறைவார்த்தை கேட்கவும் தேவதிரவிய அனுமானங்களை (திருவருட்சாதனங்களை) பெறவும் அவர்களோடு சேர்ந்து வர வேண்டும் என்று பாப்பரசர் வேண்டிக் கேட்கிறார். பூணூலுக்கான அனுமதியை எடுத்துக்கொண்ட நம் ஊர்க்காரர்கள் இந்த வேண்டுகோளை எடுத்துக்கொள்ளவில்லை. அனுமதி நடைமுறை ஆனது. வேண்டுகோள் தாளோடு நின்றது.

பிற்பாடு 1640ல் பல்தசார் த கோஸ்தா பண்டாரசாமி என்ற முறையைத் தொடங்கினார். சந்நியாசி உயர்சாதியோடு மட்டும் பழக, பண்டாரசாமிகள் எல்லாச் சனத்தோடும் பழகினார்கள். மறவ நாட்டில் ரத்தம் சிந்திய அருளானந்தரும் அந்த வழியில் வந்தவர்தான். 1693ல் ஓரியூரில் அவர் வெட்டுண்டபோது கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி பிராமணரல்லாதவர், ஒடுக்கப்பட்டவர். ஆக, ரோஸ் எந்தக் கூட்டத்துக்காக வாதாடினாரோ அந்தக் கூட்டம் சின்னதாகவே நின்றுவிட்டது. வேறு சனம் வந்து திருச்சபையை நிரப்பியது.

சாந்தி டீச்சர்

ஓரியூர்த் தம்பி கேட்டதை ரோமும் ஒரு கட்டத்தில் கேட்டது, மிகத் தாமதமாக. 1703ல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், மலபார் சடங்குகள் என்று இவற்றில் பலவற்றை 1704ல் தடை செய்தார். பறையர் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர் நோயில் கிடந்தால் சாமியார் அவர் வீட்டுக்கே போய் அவஸ்தைப் பூசுதல் (நோயிற்பூசுதல்) கொடுக்க வேண்டும் என்பதும் அந்தக் கட்டளையில் ஒன்று. இதற்கே பெரிய எதிர்ப்பு வந்தது. 1744ல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் கட்டளையை மறுபடி உறுதி செய்தார். அப்போதும் முழுத் தீர்வு இல்லை, அந்தச் சனத்துக்கென்று தனிச் சாமியார்களை ஒதுக்கிச் சமாளித்தார்கள்.

எனக்கு ரோஸிடம் குறையாகத் தெரிவது இங்கேதான். பூணூல் தெய்வ அடையாளமா, குல அடையாளமா என்று கேட்டார். குல அடையாளம் என்று பதில் வந்ததும் நிம்மதியானார். அந்தப் பதிலே அவரைத் தூங்கவிடாமல் செய்திருக்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிரபு, குடியானவன் என்ற பிரிவு இயல்பாக இருந்ததால் இங்கே கண்டதும் அதே மாதிரி என்று எடுத்துக்கொண்டார்கள். தொட்டால் தீட்டு என்பது அங்கே இல்லாத ஒன்று என்று நொபிலி பக்கத்திலிருந்தே பார்த்தார், ஆயருக்கு எழுதியும் இருப்பார். இருவரும் அதை இறையியல் கேள்வி ஆக்கவில்லை.

புதூர் பையன்

அக்கா, கோவாவில் பெரும்பான்மை எதிராகப் போன பிறகு ரோமில் எப்படி ஜெயித்தார்கள்? பெல்லார்மின் சிபாரிசா?

பழைய ஏடு

பெல்லார்மின் 1621லேயே இறந்துவிட்டார். ரோமில் முடிவைத் திருப்பியதில் முக்கியமானவர் பீட்டர் லம்பார்ட். அயர்லாந்தின் அர்மா பேராயர். அங்கே இங்கிலாந்துக்காரர் ஆட்சி, கத்தோலிக்க ஆயர் போய் உட்கார முடியாது. ஆகவே ரோமிலேயே தங்கி, திருச்சபை கேட்கும் கேள்விகளுக்கு இறையியல் கருத்து எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோவாவிலிருந்து வந்த எதிர் வாக்குகள், ரோஸின் கடிதங்கள், நொபிலியின் விளக்கம் எல்லாவற்றையும் படித்து நொபிலிக்குச் சாதகமாக எழுதினார்.

இவர் பெயரை வேறொரு தாளிலும் பார்க்கலாம். 1616 பிப்ரவரியில் சூரியன் நடுவே அசையாமல் நிற்கிறது என்ற கருத்தைத் தவறு என்று சொல்லிக் கையெழுத்திட்ட ஆலோசகர்களில் முதல் கையெழுத்து அர்மா பேராயருடையது. பூமி சுற்றுவதை ஏற்காத அதே மனிதர் மதுரைக்காரன் குடுமியை ஏற்றார். வேதாகமத்தில் எழுதியிருப்பதாக அவர் நினைத்ததை விடமாட்டார். அதில் எழுதாத விஷயத்தில் ஊர் வழக்கத்துக்கு வழி விடுவார். ரோஸின் மனமும் ஏறக்குறைய இதே வார்ப்பு. அந்தத் தலைமுறை இறையியலாளர்களைத் தாராளவாதி, பழைமைவாதி என்று நம் காலத்துப் பெயர்களால் கூப்பிட்டால் ஒருவரும் பொருந்தி வரமாட்டார்கள்.

தெற்குமாசி வீதி

நேரம் பார்த்தீர்களா? 1623ல் அனுமதி வருகிறது. அதே வருடம் முத்து வீரப்பர் காலம் முடிந்து திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வருகிறார். நொபிலியும் அதே வருடம் மதுரையை விட்டுத் திருச்சி, சேலம் பக்கம் கிளம்பிவிடுகிறார். பத்துப் பதினைந்து வருடம் சண்டை போட்டு வாங்கிய அனுமதியை மதுரையில் உட்கார்ந்து அனுபவிக்கவே இல்லை. 1640ல் மதுரையில் சிறைவாசம் வேறு.

இன்றைக்கு இங்கே என்ன மிச்சம் என்று யோசித்தேன். எங்கள் தெருவில் பூக்கடை வைத்திருக்கும் அம்மா கத்தோலிக்கர். தை முதல் நாள் கோயில் வாசலில் வரிசையாகச் செங்கல் அடுப்பு மூட்டி, பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, பால் பொங்கியதும் குலவை போடுகிறார்கள். சாமியார் வந்து ஒவ்வொரு பானையிலும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போகிறார். சிலுவையடியில் பொங்கல் வைக்கலாம் என்று நொபிலி காலத்திலேயே விட்டது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அது அவர்கள் பொங்கல்.

கம்பம் மேட்டுக்காரன்

அதை நான் மறுக்கவில்லை சார். பொங்கலும் வேண்டும், குலவையும் வேண்டும். எங்கள் அம்மாச்சியின் சுரியானிப் பாட்டும் வேண்டும். ஒன்றைக் காத்தவர் இன்னொன்றைத் திருத்தினார் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ரோஸ் இறந்தது பரவூரில். அடக்கமும் அங்கே. அவருக்குப் பின் எஸ்தெவாவோ த பிரித்தோ, பிறகு பிரான்சிஸ்கோ கார்சியா, இருவரும் சேசு சபை. கார்சியா காலத்தில்தான் சத்தியம். ரோஸ் அர்க்கதியாக்கோனோடு கடைசிக் காலத்தில் சமாதானமாகவே இருந்தார் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கார்சியாவுக்கு அந்தப் பொறுமைகூட இல்லை.

கல்வெட்டு வைப்பதானால் என் சம்மதம் உண்டு. 'மதுரைப் பணிக்குத் துணைநின்ற பேராயர்' என்று மட்டும் எழுதினால் போதாது. 'அங்கமாலியின் முதல் லத்தீன் ஆயர்' என்றும் அதில் இருக்க வேண்டும். படிக்கிறவர்களுக்கு மிச்சக் கதையைக் கேட்கத் தோன்றும்.

ஓரியூர் பாதை

கல்வெட்டை யார் வைக்கிறார்களோ வையுங்கள். எனக்கு வேண்டியது வேறு. பெர்னாண்டஸின் கோயிலுக்கு வந்துகொண்டிருந்த அந்தச் சனம், நொபிலி வந்த பிறகு என்ன ஆனார்கள், தனிக் கோயில் வைத்ததைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா? ஆயர்களின் கடிதங்களில் ஆயர்களைப் பற்றித்தான் இருக்கும்.

பழைய ஏடு

கொஞ்சம் இருக்கிறது. சேசு சபையார் வருடா வருடம் ரோமுக்கு அனுப்பிய ஆண்டு மடல்களில் எந்த ஊரில் எந்தச் சனம் ஞானஸ்நானம் பெற்றது, எங்கே தகராறு வந்தது என்று எழுதுவார்கள். எழுதியது சாமியார்கள் என்பதால் சனத்தின் சொல் நேரடியாக வராது, நடந்தது வரும். பெர்னாண்டஸே 1616ல் இந்து சமய வழக்கங்களைப் பற்றி நீளமாக ஒரு நூல் எழுதினார். அது நொபிலிக்கு எதிர்வாதம். அதில் மதுரைத் தெருவில் அவர் கண்ணால் கண்ட சடங்குகள் வரிவரியாக இருக்கின்றன. பூணூல் வழக்கில் தோற்றவரின் தரப்பு என்பதால் நம் ஆட்கள் அதிகம் புரட்டுவதில்லை.

மதுரை மாநிலச் சேசு சபையின் ஆவணக் காப்பகம் கொடைக்கானல் செண்பகனூரில். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். போர்த்துக்கீசியமும் லத்தீனும் தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் நல்லது. நீங்கள் கிளம்புவதானால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

ஓரியூர் பாதை

தவக்காலம் முடியட்டும், ஈஸ்டர் கழித்துப் போகலாம். தனிமடலில் நம்பர் அனுப்புகிறேன்.